ஆன்லைன் டெஃபல் சான்றிதழ் வாங்கலாமா? வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஆசிரியருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, மெட்ரிக் பள்ளியில் சில வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். வியட்நாம் அல்லது தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியராக வேலை தேடுகிறேன். 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் படிப்பு, அதாவது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி, பெரிய தள்ளுபடியில் வருகிறது. சேரலாமா? அதை வைத்து வேலை கிடைக்குமா?

இப்போது சேராதீர்கள். நாளைக்கு ஒரு குறிப்பிட்ட பள்ளியோ மையமோ உங்களை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, வொர்க் பெர்மிட்டுக்கு இந்தத் தாள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் அன்று வாங்கிக்கொள்ளலாம், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் வாங்கி வைத்திருப்பதால் உங்கள் விண்ணப்பத்துக்குப் பெரிய மதிப்பு எதுவும் கூடாது. நான் வியட்நாமில் மொழி மையங்களில் பாடம் நடத்தியவன், அப்புறம் விண்ணப்பங்களைப் பார்த்து ஆள் எடுக்கும் வேலையும் செய்தவன். வந்து குவியும் விண்ணப்பங்களில் அநேகமாக எல்லோரிடமும் இந்த 120 மணி நேரச் சான்றிதழ் இருக்கும். எல்லோரிடமும் இருக்கிற ஒன்றை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது இல்லையா.

முதலில் இந்தச் சான்றிதழ் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டெஃபல், டெசால் என்பவை பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பெயர்கள், ஒரு குறிப்பிட்ட பட்டத்தின் பெயர்கள் இல்லை. உலக அளவில் இதைக் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஓர் இணையதளம் திறந்து, சில பாடங்களை ஏற்றி, கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு ஒன்றை வைத்து, பிடிஎஃப் சான்றிதழ் கொடுக்கலாம். "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருப்பார்கள். அந்த அங்கீகாரம் கொடுத்த அமைப்பு யார் என்று தேடிப் போனால், சில சமயம் அதுவும் இன்னொரு தனியார் கம்பெனியாகத்தான் இருக்கும். 120 மணி நேரம் என்பதும் பெரும்பாலும் காகிதக் கணக்குதான். நீங்கள் நாற்பது மணி நேரத்தில் முடித்தாலும் சான்றிதழில் 120 என்றே வரும், யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை.

இன்னொரு இடத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிரிட்டனில் ஓஃப்குவல் என்று ஓர் அரசு ஒழுங்குமுறை அமைப்பு உண்டு, அதன் பதிவேட்டில் இருக்கும் தகுதிகளுக்கு லெவல் 3, லெவல் 5 என்று எண் கொடுப்பார்கள். கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் லெவல் 5. லண்டன் டிரினிட்டி கல்லூரி தரும் அதே மாதிரியான செர்ட்-டெசாலும் லெவல் 5. இப்போது ஆன்லைன் நிறுவனங்களும் லெவல் 5 டெஃபல் என்று விற்கிறார்கள். சில நிஜமாகவே அந்தப் பதிவேட்டில் இருப்பவை, அதனால் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் லெவல் என்பது பாடத்தின் கடினத்தைக் குறிக்கும் எண். வகுப்பறையில் நின்று கற்பித்தீர்களா, யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்பதை அது சொல்லாது. ஆகவே "செல்டாவுக்குச் சமமான லெவல் 5" என்ற விளம்பர வரியைப் பார்த்தால், கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம் என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். செல்டாவிலும் டிரினிட்டியிலும் அது ஆறு மணி நேரம், நிஜ மாணவர்களுக்கு முன்னால், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்து மதிப்பிடுவார். மலிவான ஆன்லைன் படிப்புகளில் அநேகமாக அது பூஜ்யம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழைக் கேட்பது ஒன்று அரசாங்கம், இன்னொன்று வேலை கொடுப்பவர். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காகக் கேட்கிறார்கள், இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பணம் வீணாகிறது.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். அங்கே மொழி மையங்களில் யார் கற்பிக்கலாம் என்பதைக் கல்வி அமைச்சகத்தின் 2018-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதில் பல வழிகள் உண்டு. மொழி ஆசிரியர் பயிற்சியில் கல்லூரிப் பட்டம் இருந்தால் ஒரு வழி. மொழியில் பட்டமும் அதோடு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் ஒரு வழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்றால் ஏதாவது ஒரு பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் போதும். மற்ற வெளிநாட்டவர் என்றால் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், அதோடு ஆங்கிலத் திறன் ஆறு நிலைகளில் ஐந்தாவது நிலையில் இருப்பதற்கான அத்தாட்சி. அந்த ஐந்தாம் நிலை ஐரோப்பிய அளவில் சி1, ஐஇஎல்டிஎஸ் கணக்கில் சுமார் 7.

இப்போது உங்களைப் பாருங்கள். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். மொழியில் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் இரண்டுமே கையில் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வணிகவியல் பட்டத்தோடு வருகிற ஒருவருக்குத்தான் அந்த 120 மணி நேரத் தாள் ஓர் ஓட்டையை அடைக்கிறது, ஏனென்றால் அவரிடம் கற்பித்தல் தொடர்பாக வேறு எதுவும் இல்லை. அந்த விளம்பரங்கள் எழுதப்பட்டதே அப்படிப்பட்டவர்களுக்காக. உங்களுக்கு அந்த ஓட்டையே இல்லை. ஆனால் நடைமுறையில் மாகாண அலுவலகங்கள் ஒரே மாதிரி நடப்பதில்லை. பி.எட். என்றால் என்ன என்று தெரியாத ஓர் அதிகாரி, பட்டியலில் டெஃபல் என்று இருக்கிறது, அதைக் கொண்டுவா என்பார். அப்போது மையத்தின் ஊழியர்களே உங்களிடம் சொல்வார்கள், அன்று வாங்கினால் போதும். வொர்க் பெர்மிட் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020-இன் 152-ஆம் ஆணையை வைத்து எல்லோரும் பழகியிருந்த நேரத்தில், 2025 ஆகஸ்டில் 219-ஆம் ஆணை அதன் இடத்துக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் போனவர் சொல்கிற வழியை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. வியட்நாமில் வெளிநாட்டுச் சான்றிதழ் எதுவானாலும் சட்டப்படி மெய்ப்பித்துத்தான் கொடுக்க வேண்டும். அதாவது சான்றிதழ் வழங்கப்பட்ட நாட்டில் முதலில் அத்தாட்சி, பிறகு தூதரகச் சான்றொப்பம். உங்கள் பட்டங்கள் இந்தியாவில் வாங்கியவை, இங்கேயே வெளியுறவு அமைச்சகம் வழியாக முடித்துவிடலாம். ஆனால் ஆன்லைன் டெஃபல் பிரிட்டனில் இருக்கிற நிறுவனம் கொடுத்தது என்றால், அந்தப் பிடிஎஃபை அங்கே ஒரு சட்டத்தரணியிடம் சான்றளிக்க வைத்து, அந்நாட்டு வெளியுறவுத் துறையில் முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழுக்குக் கொடுத்த பணத்தைப்போல சில மடங்கு இதற்கே ஆகிவிடும். தள்ளுபடி விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். எனவே எப்போதாவது வாங்கும் நிலை வந்தால், எந்த நாட்டில் பதிவான நிறுவனம், கையொப்பமிட்ட அசல் தாள் அனுப்புவார்களா, அப்போஸ்டில் என்கிற அரசு அத்தாட்சி முத்திரைக்கு ஏற்பாடு செய்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தாய்லாந்தில் கதை வேறு. அங்கே பள்ளிகளில் கற்பிக்க குருசபா என்கிற ஆசிரியர் மன்றத்தின் உரிமம் வேண்டும், அல்லது அது கிடைக்கும் வரை தற்காலிக அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வழக்கமாக இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள். டெஃபல் சான்றிதழ் எத்தனை மணி நேரமாக இருந்தாலும் குருசபா உரிமத்துக்கு அது ஆசிரியர் கல்வியாகக் கணக்கில் வராது. பி.எட். தான் அங்கே உங்கள் பலம். தற்காலிக அனுமதியில் காலம் தள்ளுகிற பல வெள்ளைக்கார ஆசிரியர்கள், பி.எட். மாதிரி ஒரு பட்டம் இல்லாததால், பிறகு காசு கொடுத்து ஆசிரியர் கல்வி டிப்ளமா படிக்கிறார்கள். நீங்கள் அதை இங்கேயே முடித்துவிட்டீர்கள். அதோடு, தாய்மொழி ஆங்கிலம் அல்லாத நாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள், டோயிக் 600 என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவருக்கு அது கஷ்டமே இல்லை. அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள், அது நேரடியாகப் பயன்படும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விளம்பரங்கள் "80 நாடுகளில் வேலை" என்று சொல்லும்.

தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியர்களுக்கு ஒரு சிறிய வழி மட்டும் உண்டு. 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக வேலை செய்யலாம் என்று இருக்கிறது. கவனியுங்கள், அதுவும் கேட்பது ஆசிரியர் தகுதியை. ஆனாலும் அந்த வழியில் வேலை அறிவிப்பு வருவது மிக அரிது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சீனாவில் 2021 ஜூலையில் பள்ளி நேரத்துக்கு வெளியேயான தனியார் பயிற்சியை அரசு ஒடுக்கியதோடு அந்தச் சந்தை பெரிய அளவில் சரிந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு முன்பே கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருந்தது. ஜப்பானில் பள்ளியில் கற்பிக்கும் விசாவுக்குப் பட்டத்தோடு, 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து மெட்ரிக்கிலோ சி.பி.எஸ்.இ.யிலோ படித்தவர்கள் தங்கள் பள்ளிகளில் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டெஃபல் அங்கே சட்டப்படி தேவையே இல்லை.

வளைகுடாவிலும் மாலத்தீவிலும் நம் ஊர் ஆசிரியர்கள் காலங்காலமாக வேலை பார்க்கிறார்கள். வளைகுடாவில் இருக்கிற சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பட்டமும் பி.எட்.டும் அனுபவமும்தான் முக்கியம். டெஃபலைக் காட்டினால் வாங்கி ஃபைலில் வைப்பார்கள், அவ்வளவுதான். அங்கே வேறு ஒரு பிரச்சினை உண்டு, அஞ்சல் வழியில் படித்த பட்டங்களை ஏற்பதில் அந்நாடுகளில் வெகுகாலமாகச் சிக்கல் இருக்கிறது. உங்கள் எம்.ஏ. அஞ்சல் வழி என்றால் விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இனி மனசுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "தாய்மொழியாளர் மட்டும்" என்று கதவை மூடுகிற மையங்கள் ஆசியா முழுக்க உண்டு. இருபது வருடம் இலக்கணம் நடத்திய ஒருவரின் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேற்று விமானத்தில் இறங்கிய, எந்த அனுபவமும் இல்லாத ஒரு பையனை முகத்தையும் நிறத்தையும் பார்த்து எடுப்பார்கள். நான் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், எத்தனை தடவை பார்த்தாலும் ஆறாத விஷயம். ஆங்கில ஆசிரியர்களின் டெசால் சர்வதேச சங்கமே 2006-இல் இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக அதிகாரபூர்வமாக நிலைப்பாடு எடுத்தது, ஆனால் அது எந்த மைய உரிமையாளரையும் கட்டுப்படுத்தாது. சம்பளத்திலும் வித்தியாசம் இருக்கும். தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அதே பள்ளியில், அதே வகுப்புகளை எடுத்து, மேலை நாட்டவர் வாங்குவதில் பாதியையோ அதற்குச் சற்று மேலாகவோ வாங்குவது சகஜம், இந்தியர்களையும் அதே வரிசையில்தான் வைப்பார்கள். இந்தப் பிரச்சினையை எந்த ஆன்லைன் சான்றிதழும் தீர்க்காது. சான்றிதழ் விற்பவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்பதுதான் எனக்கு அவர்கள் மேல் இருக்கும் முதல் வருத்தம். விற்பதற்கு முன் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்றுகூடக் கேட்பதில்லை.

அப்படியானால் எது உதவும்? டெமோ வகுப்பு. வேலை கொடுப்பவர் கடைசியில் முடிவு செய்வது அதை வைத்துத்தான். இருபது நிமிடம் கொடுத்து, எட்டு வயதுப் பிள்ளைகளையோ, சில இடங்களில் பிள்ளைகளாக நடிக்கும் ஊழியர்களையோ உட்கார வைத்து, நடத்துங்கள் என்பார்கள். நன்றாகப் படித்த, அனுபவமுள்ள நம் ஆசிரியர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காரணம் நம் வகுப்பறைப் பழக்கம். நாற்பது ஐம்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன், பரீட்சை. ஆகவே நாம் விளக்குகிறோம், பிள்ளைகள் கேட்கிறார்கள், எழுதுகிறார்கள். புரியவில்லை என்றால் ஒரு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டு மேலே போகிறோம். வியட்நாமின் ஹனோயில் அந்தத் தமிழ் இல்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான மொழி ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே, அதுவும் அவர்களுக்குத் தெரிந்த நூறு இருநூறு வார்த்தைகளுக்குள், படம், சைகை, பொருள், விளையாட்டு எல்லாம் சேர்த்துப் புரிய வைக்க வேண்டும். இது தனித் திறமை. எம்.ஏ. படிப்பு இதைத் தராது, நம் பி.எட். கொஞ்சம் தொடும், ஆனால் பழக்காது.

ஓர் உதாரணம். "ஐ யூஸ்டு டு ப்ளே கிரிக்கெட்" என்ற அமைப்பை நடத்த வேண்டும். நம் வழக்கப்படி விதியைப் பலகையில் எழுதி, ஐந்து உதாரணம் சொல்லி, "புரிந்ததா?" என்று கேட்போம். பிள்ளைகள் "எஸ்" என்பார்கள். அந்த "எஸ்"-க்கு அர்த்தமே கிடையாது. பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? படம் ஒன்றைக் காட்டி வாக்கியத்தை வரவழைத்துவிட்டு, சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பார்: இவர் இப்போது விளையாடுகிறாரா? முன்பு விளையாடினாரா? ஒரே ஒரு தடவையா, பல தடவையா? இந்த மூன்று பதிலும் சரியாக வந்தால் புரிந்தது என்று அர்த்தம். இல்லையென்றால் எங்கே தடுக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சொல்வது, தனித்தனியாகச் சொல்வது, இருவர் இருவராகத் தங்களைப் பற்றிப் பேசுவது. ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நடந்து போய்க் கேட்கிற நேரம் அதிகம். டெமோ பார்க்கிறவர் குறித்துக்கொள்வது இதைத்தான்: யார் அதிகம் பேசினார்கள், ஆசிரியரா, பிள்ளைகளா?

இந்தக் கேள்வி கேட்கும் முறையை ஆன்லைன் படிப்பும் சொல்லித்தரும், மறுக்கவில்லை. வீடியோ காட்டும், தேர்வில் அதைப் பற்றிக் கேள்வியும் வரும், நீங்கள் சரியாக டிக் செய்வீர்கள். ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்தவர் குளத்தில் இறங்கியதும் கை கால் உதைக்கிற மாதிரி, பிள்ளைகள் முன்னால் நின்றதும் பழைய பழக்கம் தானாக வந்துவிடும், மறுபடி விளக்க ஆரம்பித்துவிடுவோம். அதை உடைப்பதற்கு ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, பாடம் முடிந்ததும் "பத்தாவது நிமிடத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொன்னீர்கள்" என்று சொல்ல வேண்டும். செல்டாவில் காசு கொடுப்பது இதற்குத்தான். அந்த ஆறு மணி நேரத்தைத் துண்டு துண்டாக, இரண்டு வேறு நிலை மாணவர்களுக்கு நடத்துவீர்கள். ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் எழுத வேண்டும், முடிந்ததும் கருத்து வரும், கூடப் படிப்பவர்களும் பார்ப்பார்கள். நான்கு எழுத்துப் பணிகள் தனியே. முழுநேரமாக நான்கு வாரம், தூக்கம் குறையும். பாடம் நடத்திப் பழகியவர்களுக்கே முதல் வாரம் அடி மாதிரி இருக்கும், ஏனென்றால் பழகிய ஒவ்வொன்றையும் கேள்வி கேட்பார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். 2020-இலிருந்து செல்டாவையே முழுக்க ஆன்லைனில் படிக்கலாம். கற்பித்தல் பயிற்சியும் நிஜ மாணவர்களோடு ஜூம் மாதிரியான நேரலை வகுப்பில் நடக்கும், பயிற்சியாளர் நேரலையிலேயே பார்ப்பார். நேரில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான். இங்கே பார்க்க வேண்டியது ஆன்லைனா நேரிலா என்பதை அல்ல, யாராவது உங்கள் வகுப்பைப் பார்த்து மதிப்பிடுகிறார்களா என்பதை. ஒரே ஒரு குறை, ஆன்லைன் செல்டாவில் பெரியவர்களுக்குத் திரை வழியாக நடத்திப் பழகுவீர்கள். வியட்நாமில் கிடைக்கும் வேலையோ பெரும்பாலும் மாலையிலும் சனி ஞாயிறிலும் துள்ளிக் குதிக்கும் சின்னப் பிள்ளைகளோடு. அந்த இடைவெளியை நீங்கள் உங்கள் பள்ளி அனுபவத்தால் நிரப்பிவிடலாம், அனுபவமே இல்லாத ஒருவருக்கு அது சிரமம்.

செலவு? செல்டாவுக்கு இந்தியப் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மெட்ரிக் பள்ளிச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும், அதனால் எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி இடங்களிலோ, பெயர் பெற்ற சர்வதேச மொழிப் பள்ளிகளிலோ, பல நாடுகளில் இதே தொழிலில் பல வருடம் இருக்கப் போகிறேன் என்றாலோ அந்தப் பணம் திரும்பி வரும். அந்த மாதிரி இடங்களில் மதிப்பிடப்பட்ட கற்பித்தல் பயிற்சி இல்லாத சான்றிதழை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். இரண்டு வருடம் வெளிநாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் தேவையில்லை. பள்ளிகளில்தான் வேலை வேண்டும் என்றாலும் தேவையில்லை, அங்கே பி.எட். பேசும். உங்களில் கணக்கோ அறிவியலோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று: 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் ஆசிரியர் தகுதி பெற்றவர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வழி திறந்திருக்கிறது, அது கணக்கு, அறிவியல், அயல்மொழிப் பாடங்களுக்கு. ஆங்கில டெஃபலில் பணம் போடும் முன் அதைப் பாருங்கள்.

அறிவுக்காகப் படிக்க வேண்டும் என்றால் மலிவான வழிகள் நிறைய இருக்கின்றன. ஹைதராபாத்தில் 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கிய ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கென்றே தொலைதூர முதுநிலைச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறார்கள். வெளிநாட்டு மைய உரிமையாளருக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒலியியல், கற்பித்தல் முறை, இலக்கணம் என்று அது தருகிற அடித்தளம் எந்த வாரக்கடைசி டெஃபலுக்கும் எட்டாதது. பிரிட்டிஷ் கவுன்சில் ஆசிரியர்களுக்காக நடத்தும் தளத்தில் பாடத்திட்டங்களும் பயிற்சிகளும் இலவசம். கோர்ஸெரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தரும் டெசால் தொடர் இருக்கிறது. இவற்றோடு உங்கள் பள்ளியிலேயே வாரம் ஒரு வகுப்பைத் தமிழே பேசாமல் நடத்திப் பாருங்கள். சக ஆசிரியர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, நீங்கள் பேசிய நேரத்தையும் பிள்ளைகள் பேசிய நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை அந்தக் கணக்கு உங்களைத் திடுக்கிட வைக்கும். அதை வீடியோவாகவும் எடுங்கள், பெற்றோர், பள்ளி அனுமதியோடு. இரண்டு நிமிட நல்ல வகுப்பறை வீடியோ ஒன்று உங்கள் விண்ணப்பத்தோடு வந்தால், நான் ஆள் எடுத்த காலத்தில், அதைத்தான் முதலில் திறந்திருப்பேன்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய ஆங்கிலத்தை மாற்றி அமெரிக்கன் மாதிரி பேச வேண்டியதில்லை, அது செயற்கையாகத் தெரியும். ஆனால் சொல் அழுத்தம் முக்கியம். "ஹோட்டல்" என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும், நாம் முதல் அசையில் போடுவோம். "வி", "டபிள்யூ" இரண்டையும் ஒன்றாகச் சொல்வோம். இந்த இரண்டையும் சரி செய்தாலே டெமோவில் வித்தியாசம் தெரியும். வியட்நாம் பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடுவார்கள், "ரைஸ்", "ரைட்", "ரைடு" எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். கடைசி ஒலியைத் தெளிவாக உச்சரிக்கிற ஆசிரியர் அங்கே வேண்டியவர், நம்மவர்களுக்கு அது இயல்பாகவே வரும். விண்ணப்பக் கடிதத்தில் இதைத் தெரிந்து எழுதினால், அந்த ஊர் மாணவர்களைப் பற்றி யோசித்தவர் என்று புரியும்.

வேலைக்கான ஏஜென்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சான்றிதழ் விற்று, அதோடு "வேலை உறுதி" என்று சொல்லி, சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், அங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோகப்பட்டு, மோசடி முகாம்களில் அடைபட்டதை மறந்துவிடக்கூடாது. ஆசிரியர் வேலை என்ற பெயரில் அப்படி நடக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பள்ளியின் பெயர், முகவரி, அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு வெளிநாட்டு ஆசிரியரோடு பேச வாய்ப்பு, வேலை விசாவுக்கான கடிதம், இவை கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். பெண்கள் தங்குமிடத்தைப் பற்றியும் எழுத்தில் கேளுங்கள்.

ஆக, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது இது. பட்டம், பி.எட். இரண்டுக்கும் அப்போஸ்டில் அல்லது தூதரக மெய்ப்பிப்பு வேலையைத் தொடங்குங்கள், பல்கலைக்கழகச் சரிபார்ப்புக்கே நாள் பிடிக்கும். போலீஸ் சான்றை இப்போது வாங்க வேண்டாம், அது சீக்கிரம் பழசாகிவிடும், வேலை உறுதியான பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கலாம். டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ், போகும் நாட்டைப் பொறுத்து ஒன்றை எழுதுங்கள். அப்புறம் பள்ளிகளுக்கும் மையங்களுக்கும் நீங்களே நேரடியாக எழுதுங்கள். முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வொர்க் பெர்மிட் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா, என் பி.எட். போதுமா அல்லது தனியாக டெஃபல் வேண்டுமா, வேண்டும் என்றால் எந்த வகை, ஆன்லைன் ஏற்பீர்களா, மெய்ப்பித்த பிரதி கேட்பீர்களா, அந்தச் செலவு யாருடையது. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டுவிடுங்கள். தெளிவாகப் பதில் சொல்லி, ஒப்பந்தத்தின் மாதிரியை அனுப்புகிற இடம் கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் அதை எனக்கும் காட்டுங்கள், சம்பளம், விடுமுறை, வேலையை விடும் நிபந்தனை ஆகிய வரிகளைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.